நாற்பது சுற்று வானம்

இடது பையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து வலது பையில் போட்டுக்கொண்டு, கிழக்கு வாசல் படிகளை ஒரே தாண்டாகத் தாண்டுகிறாள். தப் என்று ஒரு சத்தம். படிகள் இரண்டுதான், இறக்கம். பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருக்கிறது. அவள் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கு மேல் எரியும் சின்னப் பச்சை விளக்கில் ஒரு கணம் மூக்கும் கன்னமும் கான்வாஸ் ஷூவும் தெரியும். பிறகு இருட்டு. அடுத்த நிமிடம் மறுபடி ஒரு பொத்தான், மறுபடி ஒரு தப்.

தலைக்கு மேலே நட்சத்திரங்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றன. நூற்றுச் சொச்சம் பேர் நாற்காலிகளில் மல்லாந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், வட்டச் சுவரை ஒட்டி ஒரு பெண் தங்களைச் சுற்றி வந்துகொண்டிருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவள்தான் இந்தக் கோளரங்கத்தை ஓட்டுகிறவள். என்னைவிட இருபது வயது சிறியவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளும் ரகமில்லை. "என்ன வேலைன்னு கேட்டா வானம் ஓட்டுறேன்னு சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறாங்க. படம் ஓட்டுறேன்னு சொன்னா டிக்கெட் வாங்கித் தருவியான்னு கேக்குறாங்க. இப்பல்லாம் லைட் போட்டு அணைக்கிற வேலைன்னு சொல்லிடுறது" என்பாள்.

அதுவும் பொய்யில்லை. ஒரு காட்சி ஐம்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் மைக்கில் பேசிப் பொழுதைச் சாய்ப்பாள். "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் பத்து எண்ணுங்க. திறக்கும்போது ராத்திரி ஆயிருக்கும்." பிள்ளைகள் கத்தி எண்ணுவார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பாதிப் பேர் ஏமாற்றிக் கண்ணைத் திறந்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால் ஐந்து எண்ணுவதற்குள்ளேயே ராத்திரியைக் கொண்டுவந்து வைத்திருப்பாள். பிறகு நாற்பது நிமிடம் ஓர் ஆணின் பதிவுக் குரல் கிரகங்களைப் பற்றிப் பேசும். நட்சத்திரங்கள் தாமாகச் சுழலும். கடைசி ஐந்து நிமிடம் விடியல். இயந்திரம் பழசு, சூரியன் மட்டும் தானாக வராது. மேசையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ் இருக்கிறது, அதைக் கையால் திருப்பி எழுப்ப வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் எல்லோருக்கும் கண் கூசும். அவள் திருப்புகிற விடியலில் தூங்குகிற குழந்தைகூடச் சிணுங்காமல் எழுந்துகொள்ளும்.

நான் அங்கே போனது வானம் பார்க்க அல்ல, தூங்க. அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை பார்ப்பது என் தொழில், அதை வீட்டிலிருந்தே செய்கிறேன். மாடி வீட்டுக்காரர்கள் தரையை உடைத்துப் புதுத் தரை போடத் தொடங்கினார்கள். மதியம் மூன்று மணிக்கு அரைத் தூக்கம் போடாவிட்டால் எனக்கு எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். கோளரங்கத்தில் மாதச் சீட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குளிர்ந்த காற்று, சாய்ந்த நாற்காலி, இருட்டு, மெதுவாகப் பேசுகிற ஒரு ஆண். வேறென்ன வேண்டும்?

மூன்றாம் நாளே பிடரியில் காற்று பட்டு விழித்துக்கொண்டேன். யாரோ பின்னால் போனார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி போனார்கள். இந்த வயதில் பேய்க்குப் பயப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, காட்சி முடிந்ததும் சீட்டுக் கொடுக்கிறவரிடம் போய் முறையிட்டேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அது நம்ம ராக்கோழி. தெனம் இந்தக் காட்சிக்கு நடப்பா. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க, காசு கொடுத்துத்தானே தூங்குறீங்க" என்றார்.

பகல் முழுக்க இருட்டில் வேலை செய்பவளுக்கு அவர் வைத்த பெயர் அது. முன்பு வீட்டிலும் அவள் அப்படித்தான் இருந்தாளாம். இரண்டு மணி வரை ஃபோனைப் பார்த்தபடி பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவருவது. இப்போது பத்தடித்தால் படுக்கை. "பேரு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. ராக்கோழி இப்போ நேரத்துக்குக் கூட்டுல அடையுது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கேன்டீனில் எதிரெதிராக உட்கார ஆரம்பித்த பிறகு மீதியைச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை வேண்டும் என்று நினைத்து நாலு வருடம். மாதவிலக்கு அவளுக்கு மாதா மாதம் வந்ததே இல்லை. சில சமயம் ஐம்பது நாள், ஒருமுறை நூற்றுப் பத்து நாள். டாக்டர் பிசிஓஎஸ் என்று எழுதிக்கொடுத்தார். ஊரில் நீர்க்கட்டி என்று சொல்வது அதைத்தான். "கட்டின்னு பேரு. தொட்டுப் பார்க்க ஒண்ணும் இல்ல, வலிக்கவும் வலிக்காது. உள்ள முட்டை நேரத்துக்கு முதிர்ந்து வெளிய வரலை, அவ்வளவுதான். என் மாதிரியே சோம்பேறி."

டாக்டரம்மா கறாரானவர். கொஞ்சம் எடை குறைந்தாலே உடம்பு தானாக வழிக்கு வரலாம், வரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாராம். தினம் நாற்பது நிமிட நடை. சர்க்கரையைக் குறை. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. ஆறு மாதம் பார்ப்போம். மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தால் அந்த வழியிலேயே போவோம், வராவிட்டால் மாத்திரை, ஊசி என்று முதலிலிருந்து தொடங்குவோம்.

நாற்பது நிமிடத்துக்கு எங்கே போவது? வீட்டுச் சாலையில் லாரிகள் ஓடும், ஓரத்தில் கால் வைக்க இடமில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பதினோரு நாள் போனாள். நாலு பக்கமும் கண்ணாடி. "எங்க திரும்பினாலும் நானே நிக்கிறேன் அக்கா. ஒருத்தி மூச்சு வாங்குறதைப் பார்க்கவே சகிக்கல, அங்க எட்டுப் பேரு நானு." பன்னிரண்டாம் நாள் மைக்கை அணைத்துவிட்டு உட்காரப் போகும்போது, பதிவுக் குரல் நாற்பது நிமிடம் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து நடந்தாள். வட்டம் எழுபது மீட்டர், நிமிடத்துக்கு ஒரு சுற்று. மேற்குப் பக்கம் தரை மெல்ல ஏறும், கிழக்கில் இரண்டு படியாக இறங்கும். "இருட்டுல குண்டு ஒல்லின்னு ஒண்ணும் இல்ல. மேல நட்சத்திரம் நகருது, கீழ நான் நகர்றேன். பத்து சுத்துக்கு அப்புறம் கால் இருக்குறதே தெரியாது. வானத்துல நடக்குற மாதிரிதான்."

முதல் வாரம் படியில் ஒருமுறை கால் இடறியது. அதிலிருந்துதான் தாண்டத் தொடங்கினாள். மிதித்தால்தானே இடறும் என்பது அவள் வாதம்.

எண்ணிக்கை தவறாமலிருக்கத்தான் பொத்தான்கள். நாற்பதும் அவள் கணவரின் பழைய சட்டைகளிலிருந்து வெட்டியவை. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவிக்குத் துணையாகத் தானும் சர்க்கரையை விட்டார், தானும் பத்து மணிக்குப் படுத்தார். இரண்டு மாதத்தில் அவர் ஏழு கிலோ குறைந்தார், இவள் ஒன்றரை. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வரும். "மருந்துச் சீட்டு என் பேருக்கு எழுதிக் கொடுத்தாங்க, வைத்தியம் அவருக்கு நடக்குது. கண்ணாடி முன்னாடி வயித்தை எக்கி வேற காட்டுறாரு. இந்த மனுசனை என்ன பண்றது?"

தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டவள், வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள். சமாளிக்க முடியாதது பன் மட்டும்தான். கேன்டீனில் பன் சூடாக வெளியே வருகிற நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு இடத்தை மாற்றி உட்காருவாள். மதியச் சாப்பாட்டு டப்பாவில் வெள்ளரியும் வேகவைத்த முட்டையும் இருக்கும். முட்டையை உரிக்கும்போது தினமும் அதனிடம் ஒரு வார்த்தை பேசுவாள். "நீயாவது நேரத்துக்கு வந்தியே, நல்லா இரு." பிறகு உப்பைத் தொட்டுக்கொண்டு இரண்டே வாயில் விழுங்கிவிடுவாள்.

யோசிக்கும்போது கட்டைவிரல் தாடைக்குப் போகும். அங்கே இரண்டு முரட்டு முடிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். அதுவும் இதே கோளாறின் கைங்கரியம்தான். மேசை இழுப்பறையில் உதிரி பல்புகளோடு ஒரு சாமணமும் கைக்கண்ணாடியும் கிடக்கின்றன. அந்த இழுப்பறையில் இன்னொன்றும் உண்டு. பல்புப் பெட்டிகளுக்குப் பின்னால், பிரிக்காத ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை.

"பத்தொன்பது வாங்கினேன் அக்கா, இது இருபதாவது. நாள் தள்ளிப்போறப்பல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பத்தொன்பது தடவையும் ஒத்தைக் கோடு. மத்தவங்களுக்கு நாள் தள்ளிப்போனா சந்தோஷம். எனக்குத் தள்ளிப்போறதுதானே வியாதியே. இதைப் பிரிக்கிறதில்லைன்னு வெச்சிருக்கேன்."

ஒற்றைக் கோடு வந்த நாட்களில் கணவர் ஒன்றும் பேச மாட்டாராம். கருவிப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டுவாராம். கதவுக் கீல், குழாய், மின்விசிறி. "இப்ப எங்க வீட்டுல ஒரு கதவு கிறீச்சுன்னு சொல்லாது. ரிப்பேர் பண்ண ஒண்ணும் பாக்கி இல்ல" என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் செய்வார். நல்ல மனுஷி. விசேஷம் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா இருப்பார். அந்த மூன்று விநாடிக்குப் பதிலாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்பாள் இவள். ஒருமுறை அந்த இடைவெளியில், "நடக்குறேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். "நட தாயி" என்றாராம் அவரும்.

நடந்ததில் பலன் இல்லாமல் போகவில்லை. மேசையில் ஒரு காட்சிப் பதிவேடு இருக்கிறது. மாதவிலக்கு வந்த நாளில் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். பழைய பக்கங்களில் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாம் மாதத்திலிருந்து அவை ஒழுங்குக்கு வரத் தொடங்கின. முப்பத்தெட்டு நாள், முப்பத்தைந்து, முப்பத்து நாலு. மேலாளர் ஒருநாள் பதிவேட்டைப் புரட்டியவர், இந்தப் புள்ளி என்ன, புரொஜெக்டர் பல்பு மாற்றிய தேதியா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். "முன்னாடியெல்லாம் இஷ்டத்துக்கு மாத்தியிருக்கீங்க. இப்ப மாசம் தவறாம மாத்துறீங்க. இப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று கேன்டீனில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார்.

நிலவின் ஒரு மாதத்தை அரை நிமிடத்தில் ஓட்டிக்காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. தேய்ந்து, மறைந்து, கீற்றாக வந்து, நிறைந்து நிற்கும். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பார்கள். சளைக்காமல் ஓட்டுவாள். "இதுக்கு மட்டும் ஒரு நாளும் தேதி தவறாது பாருங்க" என்று என்னிடம் ஒருமுறை முணுமுணுத்தாள். அதில் பொறாமை இருந்தது. நிலவிடம் பொறாமைப்பட்ட ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியவில்லை.

நான் வழக்கம்போல அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஆண் குரல் நன்றி சொல்லி ஓய்ந்தது. வானம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிழக்கு வாசலில் தப், ஒரு நிமிடம் கழித்துத் தப். குரலில்லாத அந்த இருட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒருவரும் அசையவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எண்பது பேர் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பெண்தான் கடைசியில் மெதுவாகக் கேட்டாள். "மிஸ், இன்னிக்கு விடியாதா?"

அப்போதுதான் ஒலிபெருக்கியில் மேலாளரின் குரல் வந்தது. "அம்மா, ஊரே இருட்டுல கெடக்கு. கொஞ்சம் சூரியனைப் போடுங்க." சிரிப்பலை எழுந்தது. இருட்டில் கான்வாஸ் ஷூ ஓடியது. பதினொரு நிமிடம் தாமதமாக, கொஞ்சம் கோணலாக, சூரியன் வந்தது.

மேலாளர் திட்டவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார். நடந்துகொண்டிருந்தேன் சார், எண்ணிக்கை தவறிவிட்டது என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

பிறகு அவள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்த பொத்தான்களை மடியில் கொட்டினாள். கட்டைவிரல் தாடைக்குப் போயிருந்தது.

"இடது பை தீர்ந்ததும் வலதுலேருந்து திரும்ப இடது பைக்கே மாத்த ஆரம்பிச்சுட்டேன் போல. என் கையே எனக்குத் தெரியல."

"ஏன்மா, என்ன யோசனை?"

"இன்னிக்கு நாப்பத்தோராவது நாள் அக்கா."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"டாக்டர் சொன்ன ஆறு மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு. போன மாசம் முப்பத்து நாலு. இந்த மாசம் முப்பத்து நாலும் போச்சு, முப்பத்தெட்டும் போச்சு. பழைய குணம் திரும்பிடுச்சுன்னா, இத்தனை நாள் நடந்தது பூரா வீண். இல்லேன்னா..." அந்த இல்லேன்னாவுக்கு மேலே அவள் போகவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரிதான் அக்கா இருக்கும். உடம்பைப் பார்த்து எது எதுன்னு சொல்ல முடியாது. அதான் கொடுமை."

"அந்த அட்டையைப் பிரிச்சுப் பாரேன்."

"ஒத்தைக் கோடு வந்தா?"

"வந்தா வரட்டும். தெரிஞ்சிடும்ல."

"தெரியாம இருக்குற இந்த நாலு நாளு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பேரு வெச்சேன். பையனுக்கு இருபது, பொண்ணுக்கு இருபது." மடியிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். "அவர்கிட்ட சொல்லல. சொன்னா முகத்தை எப்படி வெச்சுக்குறதுன்னு தெரியாம முழிப்பாரு. ரிப்பேர் பண்ணவும் ஒண்ணும் இல்லையே வீட்டுல." எழுந்து நின்றாள். "காலையில பார்க்குறேன். பார்த்துட்டு உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

புதன்கிழமை எனக்கு ஒரு பக்கமும் ஓடவில்லை. இரண்டரை மணிக்கே போய்விட்டேன். மேசையருகே அவளோடு மேலாளரும் இருந்தார். வீட்டு அடுப்படியிலிருந்து சமையல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதை எப்படித் திருகி வைப்பது என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "நீங்க நடங்க, வேண்டாம்னு சொல்லல. முப்பத்தெட்டுல வெச்சா இது கணீர்னு அடிக்கும். ஆனா காட்சிக்கு நடுவுல அடிச்சா நல்லாவா இருக்கும்? அதான் யோசிக்கிறேன்." அவள் சரி சார், சரி சார் என்று தலையாட்டினாள். பல்பு எடுக்க இழுப்பறையைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் அந்த அட்டை இல்லை.

அவளது முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் அச்செழுத்தில் பிழை பார்த்த கண் இது. அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. அழுதால் வீங்கும், தூங்காவிட்டாலும் வீங்கும். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேலாளர், "இல்லேன்னா துணியில சுத்தி வெச்சுக்கலாம்" என்றார். பிள்ளைகள் தடதடவென்று உள்ளே வந்துவிட்டார்கள். நான் என் கடைசி வரிசைக்குப் போனேன்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் பத்து எண்ணுங்க."

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். இத்தனை மாதத்தில் அன்றுதான் முதல்முறை ஏமாற்றாமல் பத்து வரை எண்ணினேன். திறந்தபோது ராத்திரி ஆகியிருந்தது. ஆண் குரல் தொடங்கியது. மேசைப் பக்கம் துணியில் சுற்றிய கடிகாரம் முனகியது. சிறிது நேரத்தில் மேற்குச் சரிவில் கான்வாஸ் ஷூவின் சத்தம் கேட்டது.

தூக்கம் எனக்கு எங்கே வரும்? பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலடி சுவரை ஒட்டி வந்தது, என் பிடரியைக் காற்று தொட்டது, கிழக்கு வாசலை நெருங்கியது. தப் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

விளக்கின் கீழே அவள் நின்றிருந்தாள். கை நீண்டு இருட்டில் துழாவி இரும்புக் கம்பியைத் தேடியது. கிடைத்ததும் இறுகப் பிடித்துக்கொண்டது. வலது காலை முதல் படியில் வைத்தாள், இடது காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு இரண்டாம் படி, அதிலும் அப்படியே. தரைக்கு வந்த பிறகும் சிறிது தூரம் கம்பியை விடவில்லை.